கேட்காமல் வந்த மாதா

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு வாசல் மணி அடித்தது. அடுப்பில் இருந்த மணிக்கூடு நாலு இருபது என்று காட்டியது. ஊர் முழுக்கக் குளிர்கால நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளி ஒரு கிழமையாகியும் எங்கள் வீட்டில் அதைத் திருத்த ஆள் இல்லை. அதனால் ஒன்றைக் கழித்தேன். கழித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன்.

வெளியே யாரும் இல்லை. கால்மிதியில் ஒரு பெட்டி இருந்தது. சப்பாத்துப் பெட்டியின் அளவுதான், ஆனால் நல்ல கனம். மேலே என் மகள் மெலனியின் பெயர். முழுப் பெயர், வீட்டு இலக்கம், தபால் குறியீடு, ஒரு எழுத்தும் பிசகவில்லை.

அப்போது நான் வேலையால் வந்து சட்டைகூட மாற்றியிருக்கவில்லை. சென்ட் லோரன்டில் மருந்து பொதி செய்யும் ஆலை ஒன்றில் எனக்கு வேலை. மாத்திரை அட்டைகளில் ஒரு குழி வெறுமையாக இருந்தாலும் பிடித்து ஒதுக்கவேண்டும். விடிய ஆறு மணிக்குத் தொடங்கினால் மூன்று மணிக்கு முன் வீட்டில் நிற்பேன். ஆகவே எங்கள் வீட்டில் தபாலை முதலில் தொடுவது எப்போதும் நான்தான்.

பிள்ளையின் பெயருக்கு வந்ததை ஏன் உடைத்தேன் என்று கேட்பீர்கள். பெட்டியின் மூலையில் மாதாவின் படம் ஒட்டியிருந்தது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

நீலக் காகிதம்

உள்ளே நீல நிறத்தில் மெல்லிய காகிதம். அதைப் பிரிக்கப் பிரிக்க ரோசாப்பூ வாசம் வந்தது. முதலில் ஒரு செபமாலை, பிறகு தீர்த்தம் அடைத்த ஒரு சின்னப் போத்தல். கடைசியில், பஞ்சுக்குள் குழந்தையைப் படுக்க வைத்ததுபோல், ஒரு சாண் உயரத்தில் மாதா சுரூபம்.

முகம் அழகாக இருந்தது. மலிவான சுரூபங்களில் கண்ணை எங்கோ பார்க்கவிட்டு வரைந்திருப்பார்கள். இந்த மாதா நேரே என்னைப் பார்த்தா.

உடனே முகம் கழுவி வந்தேன். குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்னப் பீடத்தில், பழைய திரு இருதயப் படத்துக்கு முன்னால், சுரூபத்தை வைத்து மெழுகுதிரி கொளுத்தினேன். செபமாலையில் பத்து மணிகளை உருட்டிச் செபித்தேன். அழுதும்விட்டேன் என்று இப்போது சொல்லுவதில் வெட்கமில்லை. என் வேண்டுதலுக்குப் பதில் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

வெறும் பெட்டியை மடித்துக் குப்பைக்குக் கொண்டுபோகும்போது அடியில் இருந்து ஒரு தாள் விழுந்தது. பில். முப்பது நாளுக்குள் கட்டவும் என்றிருந்தது.

மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. இனி எப்படித் திருப்பி அனுப்புவது? எடுத்துப் பஞ்சில் சுற்றி, பெட்டிக்குள் படுக்கவைத்து, நாடா ஒட்டி, மருந்துக்கடையில் இருக்கும் தபால் மேசையில் கொடுத்து, "இது வேண்டாம்" என்று சொல்ல எனக்கு வாய் வருமா? காணிக்கை என்று நினைத்துக் கட்டிவிட்டேன். அடுத்த நாள் அதே மருந்துக்கடையில் மணி ஓடர் எடுத்து, அவர்கள் அனுப்பிய உறையிலேயே வைத்துப் போட்டேன்.

பெட்டி வந்த அன்றிரவே சாப்பாட்டு மேசையில் என் கணவர் யூட் சுரூபத்தைப் பார்த்தார்.

"இவ எப்ப வந்தவ?"

"இண்டைக்குத்தான். தபாலில."

"ஆர் அனுப்பினது?"

"ஒரு இடத்திலயிருந்து. காணிக்கை அனுப்பவேணும்."

அவர் லவாலில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளோடு மல்லுக்கட்டுகிறவர். பெட்டி என்றால் பில்லும் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். சோற்றைப் பிசைந்துகொண்டே, "மாதாவும் கொண்டு வந்து தந்திட்டுக் காசு கேக்கத் தொடங்கிட்டாவோ?" என்றார். அப்படிப் பகிடி விடக்கூடாது என்று நான் ஏசினேன். பகிடி விட்டவர்தான் சரி என்று தெரிய நாலு மாதம் எடுத்தது.

தெளிவாக எழுதுகிறவள்

அவர்களுக்கு எங்கள் விலாசம் எப்படிக் கிடைத்தது? கொடுத்தவள் நான்.

ஐப்பசியில், செபமாலை மாதத்தில், எங்கள் பங்குத் தமிழ்ச் சனம் ஒரு பேருந்து பிடித்து யாத்திரை போவது வழக்கம். அந்த முறை நான் போனதற்குத் தனிக் காரணம் இருந்தது. மெலனி தாதிப் படிப்பை முடித்து, வைத்தியசாலை ஒன்றில் பயிலுநராக வேலையும் செய்துகொண்டிருந்தாள். ஆனால் அனுமதிப் பத்திரத்துக்கான சோதனையில் முதல் தடவை தவறிவிட்டாள். அடுத்த சோதனை பனி கரையும் காலத்தில். அதிலும் தேறாவிட்டால் வேலை போகும், அல்லது தாதி என்ற பெயரில்லாமல் வேறு வேலைக்கு இறங்கவேண்டும். சிரித்துக்கொண்டு திரிந்த பிள்ளை, இரவில் புத்தகத்தின் மேல் கைவைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயிலின் வெளிவாசலுக்கு அப்பால், வீதியோரம், ஒரு குடையின் கீழ் மேசை போட்டிருந்தார்கள். கோயிலுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று பிறகுதான் அறிந்தேன். மேசையில் மாதா படம், பூச்சாடி, ஒரு கட்டுத் துண்டுகள். உங்கள் வேண்டுதலை எழுதுங்கள், உங்களுக்காகச் செபிக்கிறோம் என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. யாருக்காக, எந்த விலாசம், தொலைபேசி, பிறந்த நாள் என்று கீழே கோடுகள்.

இந்த இடத்தில் வேறொருவர் என்றால் ஒரு கணம் தயங்கியிருப்பார். மன்னார்க்காரி தயங்கமாட்டாள். எங்கள் பக்கத்து மாதா கோயிலில் வேண்டுதல் துண்டு எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. மகளின் பெயர் மட்டும் எழுதினால் போதாது. அதே பெயரில் பங்குக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். தகப்பன் பெயர், வீடு, எந்த ஒழுங்கை, எந்தக் கிணற்றடி, எல்லாம் எழுதவேண்டும். வரம் வழிதவறி வேறு வீட்டுக்குப் போய்விடக் கூடாது பாருங்கள்.

அதோடு நான் அங்கே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்தித் திருத்தி, என் கையெழுத்து அச்சுப்போல் ஆகிவிட்டது. தபால் குறியீட்டில் பூச்சியத்துக்குக் குறுக்கே கோடுகூடப் போட்டேன். மேசையில் இருந்த பெண் துண்டை வாங்கிப் பார்த்து, "ஆ, மெர்சி, மெர்சி" என்று மிகவும் சந்தோசப்பட்டாள். ஏன் அவ்வளவு சந்தோசம் என்று அப்போது விளங்கவில்லை.

ஜன்னல் வைத்த உறைகள்

மார்கழியில் இரண்டாவது பெட்டி. கலண்டர், ஒரு பதக்கம், இன்னொரு பில். கூடவே ஒரு கடிதம்: அன்பான மெலனி, எங்கள் குடும்பத்தில் சேர்ந்ததற்கு நன்றி. நத்தார் காலத்தில் மாதாவோடு கணக்குப் பார்க்கக் கூடாது என்று அதையும் கட்டினேன்.

தையில் மூன்றாவது பெட்டி. அதை நான் உடைக்கவில்லை. உள்ளே சுரூபம் இருந்தால் மறுபடி அதே சங்கடம். குளிர்காலப் போர்வைகள் வைக்கும் அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன். கட்டவும் இல்லை, திருப்பவும் இல்லை.

பிறகு பெட்டிகள் நின்றன. கடிதங்கள் தொடங்கின. முதலில் மஞ்சள் தாள், பிறகு இளஞ்சிவப்பு. பிறகு வெள்ளைத் தாளில், தலைப்பில் ஒரு தராசுப் படத்தோடு, சிவப்பு எழுத்தில் இறுதி அறிவித்தல். எல்லாம் மெலனியின் பெயருக்கு. எல்லாம் ஜன்னல் வைத்த உறையில்.

ஜன்னல் வைத்த உறைக்கு நான் பயப்படுகிறவள். இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து வாசிப்பவர்களுக்கு அதன் காரணம் தெரியும். நாங்கள் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த வருடங்களில், எங்களை வைத்திருப்பதா அனுப்புவதா என்பது அப்படியொரு உறைக்குள்தான் வருவதாக இருந்தது. தினமும் தபால்பெட்டியைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். கையால் தடவிப் பார்ப்பேன். விரலில் அந்தக் கண்ணாடித் தாள் வழுக்கினால் கையை இழுத்துக்கொள்வேன். குடியுரிமை எடுத்துப் பல வருடமாகியும் அந்த வழக்கம் என் விரலைவிட்டுப் போகவில்லை.

கடைசியாக வந்தது, மாசியின் முடிவில். தடித்த பிரெஞ்சு எழுத்தில் "மீஸ் ஆன் தெமர்" என்று போட்டிருந்தது. பத்து நாளுக்குள் கட்டாவிட்டால் சட்ட நடவடிக்கை, கடன் பதிவேட்டில் பெயர் சேர்ப்பு என்று எனக்கு விளங்கியது. விளங்காத பகுதி விளங்கியதைவிடப் பயமாக இருந்தது.

வழக்கு என்று வந்தால் தாதி அனுமதி கொடுப்பார்களா? விண்ணப்பத்தில் உங்கள் மேல் வழக்கு உண்டா என்று கேட்பார்களே? பிள்ளை இரண்டாம் முறை தேறி வந்து நிற்கும்போது, தேறினாய், ஆனால் உன் பெயரில் இப்படி ஒன்று கிடக்கிறதே என்று சொல்லிவிட்டால்? செய்தது யார் என்று கேட்டால் என் கையெழுத்தைக் காட்டுவார்கள். அச்சுப்போல் இருக்கும்.

சோதனைக்கு இரண்டு கிழமைதான் இருந்தது.

"அம்மா, எனக்கு ஏதும் கடிதம் வந்ததோ?" என்று வேலையால் வந்து மெலனி கேட்பாள்.

"இல்லைப் பிள்ளை. கடைக்காரற்ற விளம்பரத் துண்டுகள்தான்."

நான் ஒரு நாளில் சொல்லும் பொய் அது ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு நாளும் சொன்னேன்.

லலிதா

இனி நான் எழுத விரும்பிய ஆளுக்கு வருகிறேன்.

லலிதா சென்னைக்காரி. கணவர் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட்டில் சொந்த வீடு. எங்கள் இருவருக்கும் ஒரே வயது. இதைத் தவிர ஒற்றுமை ஒன்றும் இல்லை. நான் மாதா பீடம், அவர் பிள்ளையார். நான் "ஓம்" என்றால் அவர் "ஆமாங்க" என்பார். பெரியவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் ஒரே வாங்கில் உட்கார்ந்தோம்.

வகுப்பில் நாங்கள் எல்லோரும் ஆசிரியை சொன்னதை எழுதிக்கொள்வோம். லலிதா எழுதமாட்டார், கை தூக்குவார். "ஏன்?" என்று கேட்பார். ஒருமுறை, தெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்குவதுபோல் நடித்துக் காட்டச் சொன்னபோது, கடைக்காரராக நடித்த ஆசிரியையிடம் பால் போத்தலின் திகதியைக் காட்டச் சொல்லி, அது முடிந்துவிட்டது என்று சொல்லி, வாங்காமலே திரும்பி வந்து உட்கார்ந்தார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நான் கேலி பண்ணல ரீட்டா. நெஜமாவே அப்படித்தான் வாங்குவேன்" என்றார்.

சென்னையில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இருபது வருடம், வரும் கடிதங்களைப் படிக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். இங்கே வந்தபிறகு அவருக்குக் கடிதம் வருவதே குறைந்துவிட்டது என்று கவலைப்படுவார்.

நான் அவரிடம் போனது தைரியத்தால் இல்லை. வெட்கம் காரணமாக. என் சனத்தில் ஒருவரிடம் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் பங்கு முழுக்கத் தெரிந்துவிடும். புரோசார்ட்டுக்குப் போகும் செய்தி ஆற்றைத் தாண்டித்தான் போகவேண்டும்.

தொலைபேசியில் ஆரம்பித்தேன். பாதியில் மறித்துவிட்டார்.

"போன்ல வேண்டாம். நாளைக்கு நீங்க வேலை முடிஞ்சு வந்ததும் நான் அங்க வர்றேன். எல்லாத்தையும் எடுத்து வையுங்க. எதையும் கிழிச்சுடலியே?"

"இல்லை."

"உறைகூட?"

"உறைகளும் கிடக்கு."

"அப்ப நீங்க பாதி ஜெயிச்சாச்சு."

அடியிலிருந்து மேலே

அடுத்த நாள் மூன்று மணிக்கு முன்பே வந்துவிட்டார். பனிச் சப்பாத்தைக் கழற்றினார். பையிலிருந்து இரண்டு மூக்குக்கண்ணாடி, ஒரு பென்சில், தாளில் துளை போடும் கருவி ஒன்று எடுத்து மேசையில் வைத்தார். பீடத்தைப் பார்த்தார். கைகூப்பிக் கும்பிட்டார்.

"இவங்கதானா?"

"ஓம்."

"நல்லா இருக்காங்க."

பிறகு உறைகளை வந்த ஒழுங்கில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் முத்திரைத் திகதியைப் பென்சிலால் வட்டமிட்டார். நான் தேநீர் வைத்தேன். குடிக்கவில்லை. ஆறவிட்டார்.

கடிதங்களை அவர் வாசித்த விதத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. தாளின் கடைசி வரியிலிருந்து தொடங்கினார். மேலே இருந்த சிவப்பு எழுத்தை ஒரு கையால் மூடிக்கொண்டு, அடியில் எறும்புபோல் கிடந்த எழுத்தைக் கண்ணாடி மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஏன் கீழயிருந்து?" என்று கேட்டேன்.

"மேல் பாதி உங்களை பயமுறுத்தறதுக்கு எழுதறது ரீட்டா. கீழ் பாதி அவங்க தப்பிச்சுக்கறதுக்கு எழுதறது. எனக்கு ரெண்டாவதுதான் முக்கியம்."

சற்று நேரத்தில் "ம்" என்றார். பிறகு பெட்டியோடு வந்த முதல் பில்லையும் தராசுப் படம் போட்ட கடைசிக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டின் அடியிலும் பென்சில் நுனியை வைத்தார்.

"படிங்க."

படித்தேன். பொருள் அனுப்பும் நிறுவனத்துக்கு ஒரு பெயர். கடன் அறவிடும் நிறுவனத்துக்கு வேறு பெயர், வேறு எழுத்து, வேறு நிறம். ஆனால் அடியில், இரண்டுக்கும் ஒரே தபால்பெட்டி இலக்கம்.

"ரெண்டும் ஒரே ஆளோ?"

"ஒரே மேசையா இருக்கும். இந்தப் பக்கம் உக்காந்தா மாதா அனுப்புவான். அந்தப் பக்கம் உக்காந்தா மிரட்டுவான்."

"அப்ப கோட்டு?"

"எந்தக் கோர்ட்டு? இதுல கோர்ட்டு பேர் எங்க இருக்கு, கேஸ் நம்பர் எங்க இருக்கு? மீஸ் ஆன் தெமர்னா, பணத்தைக் கொடு, இல்லன்னா பாத்துக்கறேன்னு ஒருத்தர் எழுதற லெட்டர். அவ்வளவுதான். அதை யார் வேணா எழுதலாம். நீங்களும் எழுதலாம். எழுதப் போறீங்க."

அதற்குமுன் மாகாண அரசின் நுகர்வோர் அலுவலகத்துக்கு அழைப்பு எடுத்தார். மணி அடிக்கும்போது தொலைபேசியை என் கையில் தந்தார்.

"ஐயோ, நீங்கள் கதையுங்கோ லலிதா."

"பெட்டி உங்க வீட்டுக்குத்தான் வந்தது. நாலு வார்த்தை போதும்."

மறுமுனையில் ஓர் ஆண் குரல் "போன்ஜூர்" என்றது. நான் லலிதாவைப் பார்த்தேன். லலிதா ஒரு தாளில் பெரிதாக எழுதி என் முன்னால் தள்ளினார். வகுப்பில் படித்த வசனம்தான். நாங்கள் எதையும் ஓடர் பண்ணவில்லை. அதைச் சொன்னேன். அதன்பிறகு மீதியும் எப்படியோ வந்தது. செபத் துண்டைப் பற்றிச் சொன்னேன். இரண்டு முறை காசு கட்டியதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

அந்த மனிதர் சிரிக்கவில்லை. கேட்காமல் அனுப்பிய பொருளுக்கு இங்கே யாரும் காசு கொடுக்கத் தேவையில்லை, திருப்பி அனுப்பவும் தேவையில்லை என்று ஆறுதலாகச் சொன்னார். செபம் கேட்டது ஓடர் ஆகாது, ஓடர் உண்டென்றால் அதைக் காட்டவேண்டியது அவர்கள். இனி ஒரு சதமும் அனுப்பாமல், நிறுத்தச் சொல்லி எழுத்தில், பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மகளின் கடன் பதிவேட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இதை அவர் மெதுவாக, இரண்டு தரம், எனக்கு விளங்கும் பிரெஞ்சில் சொன்னார். முகம் தெரியாத அந்த மனிதரையும் நான் இன்றுவரை நினைத்துக்கொள்வதுண்டு.

தொலைபேசியை வைத்தேன். என் மனதில் கிடந்த மற்றதையும் கேட்டேன். சட்டம் சரி, ஆனால் மாதாவைக் காசு கொடுக்காமல் வைத்திருப்பது பாவம் இல்லையா? மேலே அலுமாரியில் உடைக்காத பெட்டிக்குள்ளும் ஒரு மாதா இருப்பாவே?

வேறு யாராவது என்றால் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். லலிதா கண்ணாடியைக் கழற்றிவிட்டு உண்மையாகவே யோசித்தார்.

"எங்க வீட்டுக்குப் பிள்ளையார் இப்படி வந்திருந்தா நானும் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன்" என்றார். "சாமி வந்தாச்சு, இருக்கட்டும். பில்லு அவனோடது. அது அவன்கிட்டயே போகட்டும். மேல இருக்கறவங்களையும் எறக்கி வைங்க பாவம், போர்வைக்கு நடுவுல மூச்சு முட்டும்."

நாலு மாதத்தில் முதல்முறையாக நான் சிரித்தேன்.

மூன்று வரி

கடிதத்தை அவர் எழுதவில்லை. என்னை எழுத வைத்தார். முதலில் நான் எழுதியது ஒரு பக்கம். வணக்கம், மன்னிக்கவும், தெரியாமல் நடந்துவிட்டது, என் மகள் படிக்கிற பிள்ளை, இப்படிப் போனது.

லலிதா வாசித்துவிட்டு, "மன்னிப்பை யார் யார்கிட்ட கேக்கணும்?" என்று கேட்டு, அந்த வரிகளைப் பென்சிலால் அடித்தார். அடித்து அடித்துக் கடைசியில் மூன்று வரி மிஞ்சியது. நான் எதையும் ஓடர் செய்யவில்லை. எந்தக் கடனையும் ஏற்கவில்லை. என் பெயரையும் விலாசத்தையும் உங்கள் பட்டியலிலிருந்து நீக்குங்கள். தலைப்பில், அதே தடித்த எழுத்தில், மீஸ் ஆன் தெமர்.

அந்தச் சொல் என் கையெழுத்தில் எவ்வளவு அழகாக இருந்தது என்று சொன்னால் கர்வம் என்று நினைக்காதீர்கள்.

கீழே மெலனியின் பெயரை எழுதினேன். அதற்குமேல் கையெழுத்துப் போடப் பேனையைக் கொண்டுபோனேன். பிள்ளையின் கையெழுத்து எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளில் அவள் அதைப் பழகியதே என் மேசையில்தான்.

லலிதா தன் உள்ளங்கையைத் தாளின் மேல் வைத்தார்.

"இது மட்டும் வேண்டாம்."

"அவளுக்குச் சோதனை, லலிதா. ரெண்டு கிழமைதான் கிடக்கு. இப்ப சொன்னா மனம் குழம்பிப் போடும்."

"இதுவரைக்கும் இந்தத் தாள்ல எழுதினது எல்லாம் நெஜம். அதனாலதான் எனக்கு பயமே இல்ல. நீங்க கையெழுத்து போட்டா அவங்களை மாதிரி நீங்களும் ஒரு பொய்யை ஆரம்பிக்கறீங்க. அவ பேரு, அவ போடட்டும்."

"நீங்களே அவளுக்குச் சொல்லிவிடுங்கோவன்."

"நான் சொல்ல மாட்டேன். நான் கெளம்பறேன். பாலத்துல நெரிசல் ஆரம்பிச்சுடும்."

ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சப்பாத்தைப் போட்டார். கடிதங்களைத் துளையிட்டு ஒரு கோப்பில் அடுக்கியிருந்தார். அதை எடுத்து என் கையில் தந்தார். நான் நன்றி சொல்லத் தொடங்கியதும் "உறையெல்லாம் பத்திரமா வச்சிருந்தீங்களே, அதுக்கு நான்தான் தேங்க்ஸ் சொல்லணும்" என்றார். கேலி என்று நினைத்தேன். இல்லை, அவர் முகத்தில் உண்மையான மதிப்பு இருந்தது. ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பனி கரையப் படிக்கல்லில் தூவிய உப்பு நெரியும் சத்தத்தோடு அவர் இறங்கிப் போவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்காக என் பிள்ளையிடம் பேசியிருந்தால் அவரை நல்லவர் என்று எழுதியிருப்பேன். பேசாமல் போனதால்தான் இத்தனை பந்தி எழுதுகிறேன்.

சாவிச் சத்தம்

முடிவைத் தேடி வாசிப்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடிதம் பதிவுத் தபாலில் போனது. அதன்பிறகு அந்தத் தபால்பெட்டி இலக்கத்திலிருந்து பெட்டியும் வரவில்லை, தாளும் வரவில்லை. மெலனியின் கடன் பதிவேட்டில் ஒரு கீறலும் இல்லை. சோதனையில் தேறினாள். இப்போது அவள் பெயர்ப்பட்டியில் தாதி என்று இருக்கிறது. கட்டிய காசு திரும்பவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஜன்னல் வைத்த உறை கண்டால் என் விரல் இன்றும் அந்தக் கண்ணாடித் தாளைத் தடவிப் பார்க்கிறது. ஆனால் இப்போது திறந்ததும் தாளின் அடியைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று பின்னேரம் எனக்கு எதுவும் தெரியாது. கையெழுத்தில்லாத மூன்று வரி மேசையில் கிடந்தது. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். யூட் லவாலில் மேலதிக நேர வேலையில் நின்றார். ஜன்னலுக்கு வெளியே பனிவாரி வண்டி ஒன்று வந்து, திரும்பி, போனது. சொல்லவேண்டியதை மனதுக்குள் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு விதத்திலும் நான் கொஞ்சம் குறைவாகக் குற்றவாளியாக இருந்தேன்.

ஆறு மணிக்குச் சற்றுப் பிறகு கதவில் சாவி திரும்பியது. மெலனி உள்ளே வந்தாள். தலைமயிரில் பனித்துகள், கண்ணில் பன்னிரண்டு மணித்தியாலக் களைப்பு. மேசையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா? அப்பாவுக்கு ஏதுமோ?"

"இல்லைப் பிள்ளை. இரு."

அவள் இருக்கவில்லை. நின்றபடியே கேட்டாள். நான் பத்து விதத்தையும் விட்டுவிட்டு, குடையின் கீழ் இருந்த மேசையிலிருந்து தொடங்கி, கடைசிப் பொய்வரை சொன்னேன். அவள் கோப்பைத் திறந்தாள். மஞ்சள், இளஞ்சிவப்பு, தராசு. ஒவ்வொன்றாகத் திருப்பினாள். வேகமாக வாசிக்கிற பிள்ளை. கடைசியில் என் மூன்று வரியை வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள்.

"இதை ஆர் எழுதினது?"

"நான்தான்."

அவள் பேனையை எடுத்துக் குனிந்து கையெழுத்துப் போட்டாள். பேனையை மூடி வைத்தாள். பிறகுதான் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அழுவாள் என்றும் காத்திருந்தேன்.

"நான் பெயில் எண்டு தெரிஞ்ச அண்டைக்கு, மெட்ரோவுக்குள்ள ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றாள். "ஃபிரெண்ட்ஸுக்கும் சொல்லேல்லை, அப்பாவுக்கும் சொல்லேல்லை. நேர வந்து உங்களிட்டத்தான் முதல்ல சொன்னனான். நீங்கள் ஏனம்மா என்னட்டை வரேல்லை?"